ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ்

அக்டோபர் 12, ஞாயிறு, விதின், பல்கேரியா

மறுபடியும் கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் என்னென்னவோ ஓடி, பாதியில் அப்படியே நின்றுவிட்டது.

மகள் ரலிட்சா ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன மடிக்கணினி. பழைய விண்டோஸ் இனி ஆகாதாம், லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருடம் ஓடுமாம். பென்டிரைவைத் தபாலில் அனுப்பிவிட்டுப் போனிலேயே சொல்லித் தருகிறாள். காலமெல்லாம் நிலம் அளந்தவன் நான், இந்தப் பெட்டியிடமா தோற்பேன் என்று உட்கார்ந்தேன். தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

"அப்பா, திரையில இருக்கறத அப்படியே படி."

"படிக்க அது என்ன மனுஷ பாஷையிலயா இருக்கு?"

சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! வழக்கமாக ஞாயிறு மதியம் கூப்பிட்டு, எப்படி இருக்கே, சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம்.

அக்டோபர் 19, ஞாயிறு

லினக்ஸ் ஏறிவிட்டது! ஆனால் திறக்கும்போது கடவுச்சொல் கேட்கிறது. போட்டால் தப்பு என்கிறது. நானே வைத்த சொல், எனக்கே தப்பா? மேசையைக் குத்தினதில் கைதான் வலிக்கிறது. அடுத்த வாரம் முதலிலிருந்து போட வேண்டும்.

அக்டோபர் 23

கீழ்வீட்டுப் பென்கோ மாடிக்கு வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "யோவ் ஒக்னியான், அந்தச் சனியன டானூப் ஆத்துல வீசிட்டுப் புதுசு வாங்குய்யா. பெருசா ராக்கெட்டு விடப்போற மாதிரி!"

அவன் சொல்வதும் நியாயம்தானே? கடைக்குப் போனேன். விற்கிற பெண் ஒன்றைத் திறந்து காட்டினாள். "பட்டன அழுத்துங்க, அவ்வளவுதான். யாரையும் எதுவும் கேக்க வேண்டியதில்ல சார்." வாங்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கோப்புகள் ஏறும்போது ஒரு கோடு நகரும். ஆமை தோற்றுவிடும். அது முடியும் வரை பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

அந்தக் கோடு பாதியில் இருக்கும்போதுதான் சொன்னாள், அங்கே அவளோடு வாழ்ந்துவந்த யோர்க்கும் அவளும் பிரிந்துவிட்டார்களாம். வசந்தத்திலேயே. எனக்கு இன்றுதான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் யாரோடும் உட்காரப் பிடிக்காமல் காரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். "யாருகிட்டயும் சொல்லலப்பா" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நான் என்ன சொன்னேன்? "எழுபது சதவீதம் ஆயிடுச்சும்மா" என்றேன். மடையன்.

கடவுச்சொல் மறுபடி தப்பு. இந்த முறை கோபமே வரவில்லை.

நவம்பர் 5, புதன்

கண்டுபிடித்துவிட்டேன், நானே! கடவுச்சொல்லாக மகள் பெயரை வைத்திருந்தேன், நம் பல்கேரிய எழுத்தில். வைக்கும்போது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. திறக்கிற திரைக்கோ ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உள்ள லத்தீன் எழுத்து மட்டும்தான் தெரியும். ஜெர்மன்காரன் எவனும் இதில் மாட்டியிருக்க மாட்டான், நம்மாள்தான் மாட்டுவான். லத்தீன் எழுத்தில் வைத்து மறுபடி போட்டேன். பளிச்சென்று திறந்தது.

ரலியைக் கூப்பிடப் போனை எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

"என்னப்பா, ஆச்சா?"

"எங்கம்மா! அதே கறுப்புத் திரைதான்."

கணினி என் முன்னால் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு தாளில் குறித்து வைத்த வரிகளை அதன் எதிரிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். பாவம், அவள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் சொல்கிறாள். இந்த வயதில் இப்படி ஒரு பொய்.

ஆனால் நிறையப் பேசினாள்.

நவம்பர் 16, ஞாயிறு

"கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டிருக்கேன்பா. நேர்லயே வந்து பாத்துடறேன்."

வருகிறாள்! அவள் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும். பென்கோவிடம் ஏணி கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

"அப்பா, அந்தப் பழசோட எவ்வளவு நாள்தான் மல்லுக்கட்டுவே? எனக்கே பாவமா இருக்கு. புதுசு ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன், எல்லாம் போட்டே வரும். கேமரா இருக்கு, முகம் பாத்துப் பேசலாம். அதனால இப்ப அலைய வேண்டாம்னு பாக்கறேன். எங்கூட வேலை பாக்கற போலந்துக்காரிக்குச் சின்னக் குழந்தை, அவளுக்கு அந்த லீவ விட்டுக் குடுத்துட்டேன். கோடையில வரேன், சரியா?"

"சரிம்மா" என்றேன்.

வேறு எதைச் சொல்ல? ஓடுகிறது என்றாலும் அவள் வர வேண்டியதில்லை, ஓடவில்லை என்றாலும் வர வேண்டியதில்லை. எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன்.

நவம்பர் 24

ஏணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

டிசம்பர் 20

இக்னாஷ்தென் திருநாள். இன்று வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிறவரைப் பொறுத்துத்தான் வருடம் முழுக்க வீட்டின் நல்லது கெட்டது. வந்தது, ரலி அனுப்பிய புதுப் பெட்டியோடு கூரியர்க்காரன். உட்காரச் சொல்லி, வால்நட்டும் ஒயினும் எடுத்து வைத்தேன். "வண்டி நடுரோட்டுல நிக்குது ஐயா" என்று நின்றபடியே ஒரு வால்நட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு வழக்கப்படி ரொட்டியைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு வைத்தேன். கன்னி மரியாவுக்கு, வீட்டுக்கு, ரலிக்கு, எனக்கு. புதுப் பெட்டியில் அவள் முகம் அவ்வளவு தெளிவு. இளைத்திருக்கிறாள்.

"நல்லா ஓடுதாப்பா?"

"ஓடுதும்மா."

இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று முகத்தை நெருக்கமாகக் கொண்டுவந்தாள்.

"அப்பா, உன் பின்னாடி, அலமாரியில... அது என் பழைய லேப்டாப்தானே? திரை எரியுதே!"

காலையில் அதில் செய்தி படித்துவிட்டு அணைக்காமல் வைத்திருக்கிறேன்.

"எப்பலேருந்து ஓடுது?"

"நவம்பர்... ஆரம்பத்துலேருந்து."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ இவ்வளவு நேரம் பேச மாட்டியேம்மா."

வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது. முகம் பார்த்துப் பேசுவதில் இது ஒரு கொடுமை.

"வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா? லீவ குடுத்திருக்க மாட்டேனே."