அச்சில் உள்ளபடி அண்ணன்

மச்சான்,

நீ கடைசியாகப் பார்த்த பேப்பர் கட்டை இன்று சாயங்காலம் பிரித்தேன். குப்பென்று தைல வாசனை. பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் முடிந்து வந்து, மணிக்கட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, அதே கையால் பக்கம் புரட்டுவாய். "செத்தவங்க பக்கத்துக்கு ஆஸ்பத்திரி வாசனை வேற எதுக்குடா?" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். இன்று முகத்தை வைத்து முகர்ந்தேன். வாசனை போய்விடுமோ என்று பயந்து உடனே கட்டிவிட்டேன்.

தம்போயில் சங்க நூலகத்தின் மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்த நாம் இருவரும் இங்கே சம்பளமில்லாமல், பேப்பரில் வந்த மரண அறிவிப்புகளைக் கணினியில் ஏற்றினோம். ரப்பர் தோட்டம் மூடியபோது ஆளுக்கொரு பக்கம் சிதறிய குடும்பங்கள் தேடி வந்தால் கிடைக்க வேண்டும் என்றுதான். இறந்தவர் பெயர் மட்டும் போதும், வேலை சீக்கிரம் முடியும் என்றேன் நான். "மிச்சம் இருக்கிறவங்களத்தான்டா ஜனங்க தேடுறாங்க" என்று நீ உறவினர் பெயர்களையும் சேர்க்க வைத்தாய்.

நம் பெரிய சண்டை ஒரு மகனைப் பற்றியது. அறிவிப்பில் மகன் என்று இருந்தவன் என்னோடு வேலை செய்தவன். உண்மையில் இறந்தவருடைய அண்ணன் பிள்ளை. திருத்திவிட்டேன். தொழிற்சாலையில் அளவு தப்பிய பாகத்தையே விடாதவன், இதை விடுவேனா? நீ பழையபடி மாற்றினாய்.

"அச்சுல மகன்னு இருக்கு. மகன்தான்."

"தப்பு லா அது. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சத மட்டும் திருத்துவ, தெரியாதத விட்டுடுவ. அப்புறம் எது பேப்பர் சொன்னது, எது நீ சொன்னதுன்னு எவனுக்குத் தெரியும்? அழுதுகிட்டே சொன்ன உறவுடா. நீ தே ஓ குடிச்சிகிட்டே திருத்துவியா?"

"அலமாக், பெரிய நீதிபதி" என்று முறைத்துக்கொண்டு போனேன். ஆனால் அன்றிலிருந்து நமக்கு அதுதான் விதி: அச்சில் உள்ளபடி. எந்த நாள் பேப்பரையும் தாண்டக் கூடாது.

தாண்டிவிட்டேன், மச்சான். உன் அறிவிப்பு வந்த நாளை விட்டுவிட்டு, அடுத்தடுத்த நாள்களை ஏற்றிக்கொண்டே இருந்தேன். திரையில் அந்த ஒரு நாள் மட்டும் காலி.

மழையில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கிய மறுநாள் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கூடப் பொறந்தவங்க யாருன்னு பேப்பர்ல கேட்டாங்கய்யா. யாருமில்லன்னு சொல்ல வாய் வரல. அண்ணன்னு உன் பேரக் குடுத்துட்டேன். தப்பா?" எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் நான். உன்னைவிட நான் இளையவன் என்றுகூடச் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். கொள்ளியும் நான்தான் வைத்தேன்.

இன்று உன்னை ஏற்றினேன். பெயர். தேதி. ஊர். தாய். அண்ணன் என்ற இடத்தில் என் பெயர். குறிப்புக் கட்டத்துக்குப் போனதும், "உறவு சரியல்ல, நண்பர்" என்று விரல் தானாகவே அடித்துவிட்டது. அண்ணன் என்ற ஒரே சொல்லில் இரண்டு தப்பு, அதுவும் என்னைப் பற்றி! பின்னாலிருந்து நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. நானே அழித்தேன்.

சேமித்துவிட்டு, ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று என் பெயரைப் போட்டுத் தேடினேன். திரையில் நீ வந்தாய். அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன்டா.

உன் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஓவர்டைம் என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்காது.

இனி அப்படிச் சொல்ல முடியாது. அச்சில் அண்ணன் என்று இருக்கிறது. இந்த ஞாயிறு போகிறேன்.