ராகு காலத்தில் முந்தானை

2002, ஆடி மூன்றாம் வெள்ளி

பெங்களூர் கடைக்காரர் புடவை டிசைனை மாலைக்குள் மெயிலில் கேட்டிருந்தார். பிடித்தால்தான் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர். மகள் கவிதா பத்தே காலுக்குப் படத்தை அனுப்பத் தொடங்கினாள். அது துண்டு துண்டாகத்தான் போகுமாம். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிட்டது. படம் பாதிதான் போயிருந்தது. புடவை உடம்பு நல்ல நேரத்திலும் முந்தானை ராகு காலத்திலுமா போவது? மோடம் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னாடி பண்ணிகினு கீற? ஆர்டரே பூடும்!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

"பன்னெண்டுக்கு மேல அனுப்பலாங்க."

பன்னிரண்டுக்கு மேல் இன்டர்நெட் லைனே கிடைக்கவில்லை. மூன்றே காலுக்குத்தான் கிடைத்து, படம் முழுசாகப் போனது. ஐந்து மணிக்கு ஆர்டர் உறுதி என்று போன் வந்தது.

"நேரம் பாத்து அனுப்புனது நல்லதாப் போச்சுடி" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை எமகண்டம். நான் காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினேன்.