தாங்கும் என்று சொன்னேன்

அன்பு மாப்பிள்ளை வேலாயுதம்,

புக்கிட் ஹோ ஸ்வீயில் அத்தாப்பு ஓலை வீடுகள் எரிந்ததே, அந்த வருஷம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். நாம் வேலை செய்த ஆற்றங்கரை அரிசிக் கிட்டங்கி வரைக்கும் கரிவாடை. எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

பகலெல்லாம் அரிசி மூட்டை தூக்கிவிட்டு, சிராங்கூன் ரோட்டு மாடி அறைக்கு வந்ததும் நாம் முதுகு கொடுத்துக்கொள்வோம். முதுகோடு முதுகு ஒட்டி, முழங்கை கோத்து, ஒருவன் குனிய மற்றவன் அவன்மேல் மல்லாந்து கிடப்பான். கீழே இருப்பவன் மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டால் இடுப்பு மெல்ல இளகும். பிறகு மாறிக்கொள்வோம். ஒரே கட்டுப்பாடு: குனியுமுன் "தாங்குமா?" என்று கேட்க வேண்டும், மற்றவன் உள்ளதைச் சொல்ல வேண்டும். முடியாது என்றால் அதில் இழுக்கில்லை.

அன்று காலை படகுப் பலகையில் வழுக்கி என் முட்டி பிசகியிருந்தது. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அறைக்கூட்டாளி மாரி வம்புக்கு இழுத்தான்: "இவன் எங்க தாங்கப் போறான், மூட்டையையே புதுப்பொண்ணு மாதிரி பாத்துப் பாத்து எறக்குறான்." நீ கேட்டாய். "தாங்கும்" என்றேன்.

உன்னை முதுகில் ஏந்திக் குனிந்ததும் முட்டி மடங்கிவிட்டது. டிரங்குப் பெட்டி விளிம்பில் உன் இடுப்பு போய் இடித்தது. மாரி என்மேல் பாய்வதற்குள் நீயே, "நான்தான் துள்ளிட்டேன்லா, அவன விடு" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. என் முட்டி பிசகியது தெரிந்துதானே அப்படிச் சொன்னாய்?

அதன்பின் உன்னால் மூட்டை தூக்க முடியவில்லை. காவல் வேலைக்குப் போனாய். "வா, முதுகு குடு, பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்று கூப்பிடுவாய். தலைவலி, கடைக்குப் போகணும் என்று நழுவுவேன். உன் முதுகைத் தொடவே பயம். எதையும் சொல்லாமலே என் தங்கையையும் உனக்குக் கட்டிவைத்தேன். எத்தனை வருஷம் அந்த வலியோடு தனியாகக் கிடந்தாய்?

போன மாதம் கிளமெண்டி சமூக மன்றத்தில் பார்த்தேன். முன்பின் தெரியாதவர்கள் பாயில் சோடி சேர்ந்து முதுகோடு முதுகு சாய்கிறார்கள். சொல்லித்தர ஒரு டீச்சர். "தாத்தா, நீங்களும் வாங்க" என்றார்கள். வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அவரு துள்ளாம கெடந்திருந்தா இடுப்பு போயிருக்குமா?" என்று தங்கை இன்னும் உன்னைத்தான் குறை சொல்கிறாள். இந்த ஞாயிறு போய் நடந்ததைச் சொல்லிவிடுவேன், இது சத்தியம். நீ போய்ச் சேர்ந்தபின் மாரியும் போய்விட்டான். இதைக் கேட்பதற்கு என்று மிச்சமிருப்பது பிடோக்கில் அவள் ஒருத்திதான், உன் அஞ்சலை.

உன் மச்சான்,
காத்தமுத்து