செவ்வாய்க்கிழமைக் கால் கிளினிக்

தோர்ண்டன் ஹீத், லண்டன்,
ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் ஹம்சினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே அப்பாவின் இருமல் விட்டுவிட்டது, எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பல்கேரியாவில் உன் வார்னா நகரத்துக் கடற்காற்று எலும்பு வரை போகிறது என்று சொன்னாய், நான் அனுப்பிய கம்பளிக் காலுறைகளைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைக்காமல் போட்டுக்கொள். நாள்தோறும் போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் என்றால் அப்பா பக்கத்தில் இருப்பார், அல்லது நீ பாதியில் வகுப்புக்கு ஓடுவாய், நானும் அதுதான் சாட்டென்று சொல்லாமல் விட்டுவிடுவேன். சனிக்கிழமைகளில் நீ அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும், ஆறுதலாக வாசி.

கால் கிளினிக்கை மூடுவது பற்றித் தேவாலய மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நான் எதிர்வீட்டு அருமைநாயகி அன்ரிக்கு மொழிபெயர்த்த வீடியோவை யாரோ இணையத்தில் போட, அதை நீ உன் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டி, எங்கட அம்மா என்எச்எஸ் இலவச வைத்திய சேவைக்காகச் சண்டை பிடிக்கிறா என்று எழுதி இதயக் குறிகளும் போட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. வேலை கூட என்று நினைத்திருப்பாய். அந்த வீடியோவில் அன்ரியின் குரல் இரைச்சலில் அமிழ்ந்துபோகிறது, என்னுடைய ஆங்கிலம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. நான் சொன்னது அன்ரி சொன்னது இல்லை, ஹம்சி. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எதிர்வீட்டு அன்ரிக்கு இடது பெருவிரலடியில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. நீரிழிவுக்காரருக்குக் கால் புண் எங்கே போய் முடியும் என்று மருத்துவம் படிக்கிற உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. நம் வீதி முனைச் சுகாதார நிலையத்தில் நடக்கிற கால் கிளினிக்தான் அவவுக்கு ஒரே வழி, தடியை ஊன்றிக்கொண்டு தானே நடந்து போய்விடலாம். நகம் வெட்டி, தடித்த தோலைச் சீவி, புண்ணுக்கு மருந்து கட்டி அனுப்புவார்கள். முன்பு அது வியாழக்கிழமைகளில் நடந்தது. போன வருடம் அந்த அறையை இன்னொரு பிரிவோடு பகிர்ந்தால் செலவு மிச்சம் என்று யாரோ கணக்குப் பார்த்துச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டார்கள், வருகிறவர்களை ஒரு சொல் கேட்கவில்லை. இப்போது ஆட்கள் வருவது குறைந்துவிட்டது, ஆகவே மூடப் போகிறோம், இனி எல்லாரும் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள் என்கிறார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், வைத்தியரைப் பார்க்க முதல் தவணை கிடைக்கவே மாதக்கணக்கு. அன்ரியின் விரல் அதுவரை காத்திருக்காது.

கூட்டத்துக்கு நம் ஆட்கள் மண்டபத்தில் பாதி இருந்தார்கள். சங்கத் தலைவர் புவனேந்திரன் அண்ணை கோட்டுப் போட்டு வந்து, நாங்கள் இந்த நாட்டுக்கு வரி கட்டுறம், காசை எங்க கொண்டுபோய்க் கொட்டுறியள் எண்டு கேக்கிறம் என்று முழங்கினார், கைதட்டல் விழுந்தது. தொழிற்சங்க அட்டை குத்திய ஒரு பெண், தாதிமாரை விட மனேஜர்மார்தான் கூடிப்போனார்கள் என்றாள். பின்வரிசை வெள்ளைக்காரர் ஒருவர், அப்பொயின்ட்மென்டுக்கு வராதவர்களிடம் தண்டம் அறவிட்டால் எல்லாம் சரியாகும் என்றார். காசு போதாததா, நிர்வாகம் சரியில்லாததா என்று நீயும் அப்பாவும் போன நத்தார் பண்டிகைக்குச் சாப்பாட்டு மேசையில் பிடித்த சண்டைதான் அங்கேயும் நடந்தது. நான் வாசித்த அறிக்கைகளில் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது, அதனால்தான் அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. பிறகு சுகாதார நிலையத்தின் பெண் மேலாளர் எழுந்தார். கெட்டவராகத் தெரியவில்லை, களைத்த முகம். செவ்வாய்க் கிளினிக்குக்குத் தவணை எடுப்பவர்களில் பாதிப் பேர் வருவதில்லை, முதல் நாள் போன் பண்ணிக் கேட்டாலும் வருகிறோம் என்றே சொல்கிறார்கள், ஆனால் வருவதில்லை, கால் பார்க்கிற கிரேஸ் கையுறை போட்டுக்கொண்டு வெறும் கதிரையைப் பார்த்தபடி இருக்கிறாள், காரணம் என்ன என்று யாராவது சொல்லுங்கள், எங்களுக்கு உண்மையாகவே விளங்கவில்லை என்றார்.

மண்டபத்தில் இருந்த நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். உனக்கும் இப்போது தெரிந்திருக்கும். செவ்வாயிலும் வெள்ளியிலும் எத்தனை முறை உன் கையிலிருந்து நகவெட்டியைப் பறித்திருக்கிறேன். நான் அதை நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்பேன், ஆனாலும் இன்றுவரை செவ்வாயில் நகம் வெட்டியதில்லை. புவனேந்திரன் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அப்போதுதான் அன்ரி தடியை ஊன்றி எழும்பி என்னைப் பார்த்து, பிள்ளை, இதை அந்த மனிசிக்கு வடிவாச் சொல்லு, செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் நகத்தில கத்தி வைக்கிறேல்லை, போனில கேட்டா வாறன் எண்டுதான் சொல்லுவம், வரமாட்டன் எண்டா கேக்கிற பிள்ளையின்ர மனம் நோகுமெல்லே, வியாழன் ஏலாட்டிப் புதன்கிழமைக்கு மாத்திவிடச் சொல்லு, விடியவே வந்து வாசல்ல நிப்பம் என்றா. நம் ஆட்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள். முன்வரிசை வெள்ளைக்காரப் பெண்கள் என்ன பகிடி என்று அறிய ஆவலாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த முகங்களைக் கண்டதும் எனக்குக் காது இரண்டும் சுட்டது. நான் ஆங்கிலத்தில், இவருக்கு நடப்பது கஷ்டம், கடிதங்கள் பிந்தி வருகின்றன, இந்தப் பக்கம் பஸ் வசதி போதாது என்று சொன்னேன். ஒரு தடுமாற்றமும் இல்லை, நல்ல உச்சரிப்பு. நீ பெருமைப்பட்டது அதைப் பார்த்துத்தான்.

மேலாளர் நன்றியோடு தலையாட்டிவிட்டு, பஸ்தான் சிக்கல் என்றால் இடத்தை மாற்றுவதே சரி, பெரிய வைத்தியசாலையின் வாசலிலேயே பஸ் நிற்கிறதே என்றார். ஏன் கிளினிக்கை மூட வேண்டும் என்பதற்கு அவருக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது, கொடுத்தது நான். கிளினிக் நடக்கிற நாளை மட்டும் மாற்றிவிட்டால் தீர்ந்துபோகிற விஷயம். அன்ரி கதிரையில் திரும்ப இருந்துகொண்டு, என்ன பிள்ளை ஒருத்தரும் சிரிக்கேல்லை, வெள்ளையள் விழுந்து விழுந்து சிரிப்பினம் எண்டெல்லோ நினைச்சன் என்றா. இல்லை அன்ரி, மரியாதையாக் கேட்டவை என்றேன். வெளியில் வந்ததும் புவனேந்திரன் அண்ணை, தங்கச்சி நல்ல கெட்டிக்காரி, எங்கட மானத்தைக் காப்பாத்திப்போட்டா என்றார். காரில் அப்பாவும், நல்ல வேலை செய்தனீர், அதை அப்பிடியே சொல்லியிருந்தா நகம் வெட்டாத ஆக்களால என்எச்எஸ் கவிண்டு போச்சாம் எண்டு ஊரெல்லாம் எங்களை வைச்சுச் சிரிச்சிருப்பாங்கள் என்றார். அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அகதியாக வந்து இறங்கிய காலத்தில் ஒவ்வொரு அலுவலகத்திலும் தலை குனிந்து நின்றவர், இன்னொரு முறை நாலு பேர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவரால் தாங்க ஏலாது. எனக்கு அந்தச் சாட்டும் இல்லை. உன்னைப் பெற்றபோது எனக்கு இப்போதைய உன் வயதுதான், இந்த நாட்டில்தான் உன்னோடு சேர்ந்து நானும் வளர்ந்தேன், இந்த மொழியில்தான் இவ்வளவு புத்தகமும் வாசித்தேன். அந்த வாசிப்பு எல்லாம் எனக்குத் தந்தது, ஒரு மனுசி துணிந்து சொன்ன உண்மையை அழகாக மறைக்கிற வாக்கியம் ஒன்றைத்தான்.

நேற்றுக் கஞ்சி கொண்டுபோய் அன்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலைச் சிறு கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தா, சத்தத்தைக் குறைக்கவில்லை. நான் சொல்லி முடித்து, விளம்பரமும் வந்து போன பிறகுதான், அப்ப நான் அத்தனை சனத்துக்கு முன்னால எழும்பினது என்னத்துக்கு என்று கேட்டா. நான் மன்னிப்புக் கேட்டேன். அதை விடு, எனக்கு வராத வெக்கம் உனக்கு என்னத்துக்கு வந்தது, காலும் என்ர, நகமும் என்ர என்றா. வியாழக்கிழமை முடிவெடுக்கிற கூட்டத்துக்கு என்னோடு வாருங்கள், இந்த முறை ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம் பிள்ளை, கடையில நிக்கிற துஷ்யாவைக் கேக்கிறன், இங்கிலீசு உன்ர அளவுக்கு வராது, ஆனா சொன்னதைச் சொல்லுவாள் என்றா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கஞ்சியை வாங்கிக்கொண்டா, எப்போதும் போல இருந்து ஒரு வாய் ரீ குடிச்சிட்டுப் போ என்று மட்டும் சொல்லவில்லை. வீதியைக் கடந்து வீட்டுக்கு வருகிற அந்தச் சின்னத் தூரத்தை எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை.

வந்ததும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பேச என் பெயரைக் கொடுத்தேன். அன்ரிக்காக இல்லை, என் பெயரில். செவ்வாயில் நாங்கள் நகம் வெட்டுவதில்லை, நானும் வெட்டுவதில்லை, போன கூட்டத்தில் அந்த அம்மா அதைத்தான் சொன்னார், வெட்கத்தில் நான் மாற்றிச் சொன்னேன், நாளை மாற்றுங்கள், இடத்தை மாற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எங்களை ஒரு சொல் கேட்காமல் நாளை மாற்றினீர்கள், நாங்களும் ஒரு சொல் சொல்லாமல் இருந்துவிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறேன், குரல் இடம் கொடுத்தால். நாலு பேர் இருக்கிற அறையில் என் பெயரைச் சொல்லவே கூசுகிறவள் நான், உனக்குத் தெரியும். கிளினிக் தப்புமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, சில வேளை அவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்திருக்கவும் கூடும், அப்படி என்றால் அன்ரியைப் பெரிய வைத்தியசாலைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன், என்னோடு வர அவ சம்மதித்தால். அப்பாவிடம் இன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முதல் சொல்லப் போகிறேன், மண்டபத்தில் இருந்து கேட்டு அவர் அதிரக் கூடாது.

நீ செய்ய வேண்டியது இரண்டு. அந்த வீடியோவை எடுத்துவிடு, ஏன் எடுத்தாய் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு உள்ளதைச் சொல்லு, எனக்காக ஒன்றும் மெருகூட்டாதே. அப்பா கோபத்தில் உனக்குப் போன் எடுத்தால் என் பக்கம் நின்று வாதாடாதே, அவர் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிரு, மானம் போய்விட்டது என்று அவர் சொன்னால் சிரிக்காதே. பரீட்சைக்கு இராப்பகலாகக் கண் விழித்துப் படிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. நீ தொட்டுப் பார்க்கிற நோயாளிகள் எல்லாரும் எழும்பித் தங்கள் காலிலேயே வீட்டுக்கு நடந்து போக வேண்டும், அப்படி ஒரு கை உனக்கு வாய்க்க வேண்டும் என்று நாளும் பொழுதும் கும்பிடுகிறேன்.

என்னைப் பற்றி நீ இனி என்ன நினைத்தாலும், உன்னை என்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா
சுவர்ணா