சத்தத்துக்குப் பழகாதவர்கள்

காயாத துணி வாடை அடித்தால் உன் ஞாபகம் வருகிறது என்று எழுதினால் நீ சும்மா இருப்பாயா? "ஏட்டி, செத்தவளுக்கு ஒரு மல்லியப்பூ வாசன போட்டு எழுதப்பிடாதா?" என்று கேட்டிருப்பாய். என்ன செய்ய, நமக்கு வாய்த்தது இதுதான். குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டது. பயிற்சிக்காக நாம் வழக்கமாகப் பிடிக்கிற அதே லாட்ஜின் மாடிக் கூடத்தைப் போன வாரம் திறந்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் நனைந்து வந்து துப்பட்டாக்களை நாற்காலிகளில் விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஈர வாடை கூடம் முழுக்க ஏறிவிட்டது. கீழே எண்ணெய் மசாஜுக்கு ஆள் கூப்பிடுகிறவரின் குரலும் மாறவில்லை. நீ பின்னால் நின்று புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருப்பாய் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பைத்தியக்காரிதான்.

அலுப்பாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். வேறு யாரிடம் சொன்னாலும் "லீவு போடுங்க மேடம்" என்கிறார்கள்.

நீ போனபிறகும் வேலை அதேதான். மலைச்சரிவுப் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்தே பெண்களைத் தேர்ந்து, வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே போய்வரப் பழக்குவது. தாளில் 'தொடர்புப் பணியாளர்'. பிள்ளைகளுக்கு 'பள்ளிக்கூடத்து அக்கா'. பிள்ளை ஏன் வரவில்லை என்று வாத்தியாருக்குச் சொல்ல வேண்டும், வாத்தியார் என்ன கேட்கிறார் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது பார்.

முதல் பயிற்சியில் நீ ஹெட்மாஸ்டராக நடித்தது நினைவிருக்கிறதா? அச்சன்புதூரில் உன் அப்பா வயலில் ஆள் விரட்டின தொண்டை உனக்கு. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மேஜையைத் தட்டினாய். "உங்க பிள்ளையளுக்குப் படிப்பு எதுக்கு? காட்டுலயே கெடக்கட்டும்!" என்று நீ கத்தியதும் எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். எதிரே பணியாளராக நடிக்க வேண்டிய செல்வி சிரிக்கவில்லை. கையிலிருந்த வசன அட்டையை மேஜையில் வைத்தாள், செருப்பை மாட்டினாள், படியிறங்கினாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் நேரே மலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. விளையாட்டுக்குக் கத்தினதற்கே ஓடுகிறவள் நாளைக்கு என்ன செய்வாள் என்றேன். நீ குடையை எடுத்தாய். இருவரும் மேலே ஏறிப் போனோம். செல்வியின் அம்மா நாம் வந்ததற்கு ஆச்சரியப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கிழங்கு அவித்துத் தந்தாள். "எங்க ஆளுவ சத்தத்துக்குச் சத்தம் போடமாட்டோம். எந்திச்சுப் போயிருவோம். மனசு ஆறுனா வருவோம்," என்றாள். செல்வி தலை குனிந்தபடி, "நடிப்புன்னு தெரியும்க்கா. ஆனா சத்தம் நெசந்தானே," என்றாள்.

நீ அன்று சாயந்திரம் வரைக்கும் அங்கே உன் மூட்டுவலிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு தடவைகூட "வா" என்று அவளைக் கூப்பிடவில்லை. இறங்கும்போது நான் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்த கூப்பிடாமலே வாரியே!"

"கூப்பிட்டா வந்துருவாட்டி. நமக்காக வந்த மாதிரி ஆயிரும். போறது தப்பில்ல, போன எடத்துலயே இருந்துரக் கூடாது. அத அவளாத்தான் முடிவு பண்ணணும்."

சில நாளில் அவளாகவே வந்தாள். "இன்னைக்கு நான் ஹெட்மாஸ்டர்," என்று உன் துண்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பெற்றவளாக நடித்த பெண்ணுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. சாப்ட்டீயளா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் நடிப்பு. எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சளி பிடித்தவள் மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனாய்.

அதிலிருந்து செல்வி நம் ஆட்களில் நல்ல ஆள். யாராவது கத்தினால் எழுந்து போவாள், மறுநாள் அதே முகத்தோடு வந்து நிற்பாள். கத்தினவர்களே வெட்கப்பட்டு மெள்ளப் பேசப் பழகிக்கொண்டார்கள். நீ இருந்தவரைக்கும் இப்படித்தான் போயிற்று. அப்புறம் வயிற்றுவலி என்று தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன்மேல் எனக்கு இன்னமும் கோபம் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நடந்ததைக் கேள். பள்ளிக்குப் புது ஹெட்மாஸ்டர் வந்திருக்கிறார். ஜூனில் பள்ளி திறந்தபோது தேனெடுக்கப் போன குடும்பங்கள் காட்டிலிருந்து இறங்கவில்லை. பிள்ளைகள் தாமதமாக வந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டே அவர் செல்வியைக் கத்தித் தீர்த்துவிட்டார். மறுநாளிலிருந்து செல்வி வரவில்லை. பிள்ளைகளும் வரவில்லை. நம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு சத்தத்துக்கே ஓடிப்போறவள வச்சு புராஜெக்ட் நடத்த முடியுமா மேடம்? திங்கக்கிழமைக்குள்ள வரலன்னா வேற ஆளப் போடுங்க. டவுன்ல டிகிரி படிச்ச பிள்ளைய எத்தனையோ இருக்கு," என்றார். டவுன்காரப் பிள்ளையைப் பார்த்தால் அந்தக் குடியிருப்பில் கதவுகூடத் திறக்காது. அதைச் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நேற்று தனியாக மலையேறினேன். பாதி வழியில் மூச்சு வாங்கிற்று. அங்கே போய் உன் மாதிரிக் கதை பேசலாம் என்று பார்த்தால், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது யாரோ தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்திருந்தார்கள். நானும் அவளைக் கூப்பிடவில்லை. ஓடை வரைக்கும் செல்வி கூட வந்தாள்.

"அந்தக்கா இருந்தா என்ன சொல்லிருப்பாவ?"

"ஒண்ணும் சொல்லிருக்க மாட்டா."

சிரித்தாள். அப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் அன்னைக்கு எந்திச்சுப் போவலக்கா. அவரு கத்தி முடிக்கிற வரைக்கும் நின்னேன். 'சரி சார், சரி சார்'னு தலைய ஆட்டுனேன். எனக்கு ஒண்ணுமே தோணல. எங்க பிள்ளைய பூரா என்னையவே பாத்துச்சுங்க. வீட்டுக்கு வந்தபொறவுதான் அது புரிஞ்சுது. சத்தம் எனக்குப் பழகிப்போச்சு. நான் நிக்கதப் பாத்து அதுகளும் பழகிக்கிட்டா?"

அவள் ஓடிப்போனாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, ஓடாமல் நின்றதுதான் அவளுக்கு வினையாகியிருக்கிறது. அக்காவே தலையாட்டி நிற்கிறாளே என்று பார்த்துத்தான் அந்தப் பிள்ளைகளும் வீட்டோடு இருந்துவிட்டார்கள். அதோடு இன்னொன்றும் எனக்கு அங்கேதான் உறைத்தது. இந்த அலுப்பு அலுப்பே இல்லை. எத்தனை அலுவலகத்தில் எத்தனை பேர் கத்த, நான் 'சரி சார்' சொல்லியிருக்கிறேன்!

"எனக்கும் பழகித்தான் போச்சு செல்வி. எப்பன்னே தெரியல," என்றேன்.

"அப்ப நாளைக்கு நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாப் போவோம்."

இன்று திங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். அவர்கள் வகுப்புக்குப் போனதும் நாங்கள் இருவரும் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தோம். அவர் கெட்டவர் இல்லை, பாவம். மேலேயிருந்து அவரை யாரோ கத்துகிறார்கள், அவர் எங்களைக் கத்துகிறார். "நெனச்சா வாறதுக்கும் நெனச்சா போறதுக்கும் இது என்ன சத்திரமா?" என்று ஆரம்பித்தார். குரல் ஏறிற்று. என் தலை தானாக ஆடத் தொடங்கியது. எதிர் வகுப்பு சன்னலில் சின்னச் சின்ன முகங்கள்.

எழுந்தேன். நான்தான் முதலில் எழுந்தேன், செல்வி இல்லை. "வாரோம் சார்," என்று சொன்னதாகத்தான் நினைவு. அவசரத்தில் வாசற்படி தட்டிற்று. செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் சத்தம் பாதியில் நின்றுபோனது.

கேட்டைத் தாண்டி வந்தபிறகு அவள் சொன்னாள், "அக்கா, ஒங்க கைப்பைய அவரு மேசைலயே வச்சுட்டு வந்துட்டீய. நான் போயி எடுத்தாரட்டா?"

பஸ்ஸுக்குக் காசு, வீட்டுச் சாவி, கண்ணாடி எல்லாம் அதில்தான் இருந்தன.

"இருக்கட்டும்," என்றேன். "நாளைக்கு வருவோம்லா, அப்ப எடுத்துக்கிடலாம்."