ரயில்வே கேட்டில் வந்துவிட்ட பாட்டு

என் ஸ்டெல்லா கண்ணுக்கு,

காரைக்குடி ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் மகள் மலர் உள்ளே இருக்கிறாள். விடிந்ததிலிருந்து வலி. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். நீ உயிரோடிருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டிய பெஞ்சில் நான் இருக்கிறேன்.

உள்ளே போகும்போது மலர் கேட்டாள்: "பெரியம்மா, அம்மாவோட பஸ் பாட்டு போன்ல வச்சிருக்கீகல்ல? இப்பப் போடுங்க."

"மத்த பாட்டக் கேளு. அது மட்டும் இப்ப இல்ல" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. ஏன் என்று நீ சொல்லியிருக்கவில்லையா?

தொண்ணூற்று ஐந்தாம் வருடம். தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு நாம் ஏறும் பஸ்ஸில் அந்த வருடம் முழுவதும் ஒரே கேசட். பஸ் கிளம்பும்போதுதான் டிரைவர் அதைப் போடுவார். புல்லாங்குழல் பாட்டு முடிந்தால் பாதி வழி. விசிலடிக்க வைக்கும் குத்துப்பாட்டுக்கு ரயில்வே கேட். மழையைக் கூப்பிடும் உன் பாட்டு வந்தால் காரைக்குடி. பையை எடுக்க வேண்டியதுதான். தூரமும் நேரமும் நடத்தும்போது வகுப்பில்கூட இதைத்தான் உதாரணம் சொல்வேன். கிலோமீட்டரை மறக்கிற பிள்ளைகள் பாட்டை மறக்கவே மாட்டார்கள்.

மலர் பிறந்த அன்றைக்கு, தேவகோட்டை எல்லை தாண்டியதும் உனக்கு வலி வந்தது. பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது. "இறங்கிருவமா?" என்றேன்.

"வேணாங்க்கா. என் பாட்டு வர வரைக்கும் தாங்கிருவேன்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாய்.

கண்டக்டர் சின்னையாவுக்கு உன்னைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "டீச்சருக்குப் புடிச்ச பாட்டப் போடுண்ணே, தெம்பா இருக்கும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். டிரைவரும் கேசட்டை உன் பாட்டு வரைக்கும் முன்னால் ஓட்டிவிட்டார். பஸ் நின்றது. உன் பாட்டு தொடங்கியது.

"ஊர் வந்துருச்சாக்கா? இனிமே என்னால அடக்க முடியாது."

வெளியே பார்த்தேன். கேட் மூடியிருந்தது. ரயிலையே காணோம். வாயைத் திறக்காதீர்கள் என்று எல்லோருக்கும் கைகாட்டினேன். பஸ்ஸே மூச்சடங்கிக் கிடந்தது. பின்சீட்டுப் பெரியவர் மட்டும், "கேட்டப் போட்டுட்டாய்ங்களே!" என்று போட்டு உடைத்துவிட்டார்.

நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். "இன்னும் கேட்டுதானா? எந்தக் கூறுகெட்டவன் பாட்ட மாத்துனது?"

சின்னையா உன் கண்ணில் படாமல் பஸ்ஸின் பின்பக்க ஏணிப்படிக்கே போய்விட்டார். அந்த வலியிலும் நீ சிரித்தாய். பிறகு என் மணிக்கட்டை நெரித்தபடி சொன்னாய்: "அத நிறுத்தச் சொல்லுங்கக்கா. வந்து சேந்த பெறகு கேட்டுக்கிறேன்."

பாட்டில்லாமல் அந்தக் கேட்டில் நின்றதை எதோடு ஒப்பிடுவது? எனக்கு இன்னும் உதாரணம் கிடைக்கவில்லை.

கேட் திறந்ததும் டிரைவர் அத்தனை பேரையும் ஏற்றியபடியே ஆஸ்பத்திரி வாசலுக்கு விட்டார். நின்ற பிறகுதான் உன் பாட்டைப் போட்டார். அது முடிவதற்குள் மலர் பிறந்து அழுதுவிட்டாள்.

அந்த வருடத்துப் பாட்டுகள் எங்கே கேட்டாலும் நான் நின்று கேட்கிறேன். உன் பாட்டுக்கு மட்டும் என் கை தானாக மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கும்.

உள்ளே யாரோ வேகமாக நடக்கிறார்கள். நர்ஸ் கதவைத் திறந்து, "டீச்சர், இங்குட்டு வாங்க" என்கிறாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

போகிறேன். போனில் உன் பாட்டை எடுத்து வைத்துவிட்டேன், விரல் அதன் மேல்தான் இருக்கிறது. பிள்ளையின் குரல் என் காதில் விழாமல் அழுத்த மாட்டேன், ஸ்டெல்லா. இது சத்தியம்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உன் லூர்தக்கா