வகிடு எந்தப் பக்கம்?

மார்ச் 3, திங்கள்

இன்றும் கடைசி வரிசையில் மூன்று பேர் தூங்கினார்கள். அதில் ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். செவிலியர் பணியின் தத்துவம் என்று பாடத்துக்குப் பெயர். ‘நோயாளி ஒரு முழு மனிதர்’ என்று பலகையில் எழுதினேன். எழுதும்போதே எனக்கும் கொட்டாவி வந்தது.

இத்தனை வருடம் வார்டில் ஓடியவள் நான். படுக்கையை மாற்று, காயத்துக்குக் கட்டுப் போடு என்றால் கை தானாக நகரும். தத்துவம் சொல் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

முதல்வர் அம்மா மாடிப்படியில் நிறுத்தினார். “இருபத்தொண்ணாம் தேதி உங்க வகுப்புல வந்து உட்காரப் போறேன். அதைப் பார்த்துட்டுத்தான் இங்கயே வெச்சுக்கிறதா, வார்டுக்கே அனுப்புறதான்னு முடிவு.”

வார்டுக்குப் போவது தண்டனை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளை எனக்குப் பிடித்துவிட்டது. தூங்குகிறவர்களையும் சேர்த்துத்தான்.

மார்ச் 6, வியாழன்

வலது மணிக்கட்டு முறிந்தது. இது இடது கை. கோழி கிளறியது போல் இருக்கிறது. மீதி பிறகு.

மார்ச் 8, சனி

விழுந்த கதை இது. பயிற்சிக்கூடத்தில் பொம்மை நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடக் காட்டிக்கொண்டிருந்தேன். “தரையில தண்ணி சிந்தினா உடனே துடைக்கணும்” என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து, நான் சிந்திய தண்ணீரிலேயே வழுக்கினேன். உபதேசம் ஊருக்குத்தானே. பொம்மைக்கு ஒரு கீறல் இல்லை.

எலும்புக்குத் தகடு வைத்து, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்கப் போட்டுவிட்டார்கள். நேற்றுக் காலை என்னைக் கவனிக்க வந்தவள் என் மாணவி, ‘புயல்’. பேருக்கேற்ற வேகம். முகம் துடைத்தாள், பல் தேய்த்துவிட்டாள், தலை வாரினாள். ஒரு படி தவறவில்லை. பரீட்சையாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

கண்ணாடியைப் பார்த்தேன். வகிட்டை வலது பக்கம் எடுத்திருந்தாள். எனக்கு எப்போதும் இடது பக்கம்.

இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? நான் அழுதேன். கண்ணாடியில இருந்தது யாரோ ஒரு பொம்பளை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே இவ. சரி, நான்? எத்தனை தலை வாரியிருப்பேன், யாரிடமாவது கேட்டேனா?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். என்னையே பார்த்தார். பிறகு சீப்பை எடுத்து, நெற்றியைச் சுரண்டி, முடியைப் பிடுங்கி, ஒரு வழியாக இடது பக்கம் வகிடு எடுத்தார். கோணல்மாணல்.

“எப்படித் தெரியும்?”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மூஞ்சியத்தானே பாக்கறேன்.”

வலித்தது. ஆனால் நான் நானாகிவிட்டேன். புயலின் கையும் இவருடைய கண்ணும் ஒரே ஆளிடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று படுத்தபடி யோசித்தேன். அட, ‘முழு மனிதர்’ என்று நான் பலகையில் எழுதிய வரி அதுதானே!

மார்ச் 12, புதன்

வீடு. பாடக்குறிப்பு ஒன்றும் எழுதவில்லை. அவரைச் சீப்பு வாங்கி வரச் சொன்னேன், வகுப்பில் ஆளுக்கு ஒன்று. “வேலை போனா சீப்பு வியாபாரமா?” என்கிறார்.

மார்ச் 21, வெள்ளி

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

முதல்வர் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தூங்கும் கோஷ்டி முன்வரிசைக்கு ஓடியது. நான் சீப்புகளைக் கொடுத்து, “பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தலை வாருங்க. பேசக்கூடாது” என்றேன். வகுப்பு சந்தைக்கடையானது. “ஐயோ, எனக்கு நடு வகிடு!” “டேய், என் சுருளை என்னடா பண்ணி வெச்சிருக்க?”

அடங்கியதும் மறுபடி வாரச் சொன்னேன், இந்த முறை கேட்டுவிட்டு. ஒரே நிமிடத்தில் அறை மெதுவானது. கைகள் மெதுவாயின. யாரும் தூங்கவில்லை.

புயல் மட்டும் சீப்போடு நின்றாள். “மேடம், அன்னிக்கு உங்களுக்கு நான்... தப்பான பக்கமா?”

“ஆமாம்மா. இப்ப எடுத்துவிடு.”

எடுத்துவிட்டாள். திரும்பியவள் என்ன தைரியமோ, நேராக முதல்வர் அம்மாவிடம் போய், “மேடம், உங்களுக்கு எந்தப் பக்கம்?” என்றாள். என் வேலை போயே போச்சு!

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எல்லாரும் என்கிட்ட கையெழுத்துதான் கேப்பாங்க” என்றார். “நடுவுல எடும்மா. கொஞ்சம் மெதுவா.”

மார்ச் 24, திங்கள்

நான் இங்கேயேதான். வீட்டில் அவரிடம் சொன்னேன். “அப்போ இத்தனை சீப்பையும் என்ன பண்றது?” என்கிறார்.

ஏப்ரல் 9, புதன்

பிள்ளைகளோடு ஆண்கள் வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் வயதான பெரியவர், லாரி ஓட்டியவர், தலையில் துண்டுக் கட்டு. பக்கவாதம் வந்ததிலிருந்து யாரோடும் பேசவில்லை. பேச்சு வரும், பேசமாட்டேன் என்கிறார் என்று வார்டுச் செவிலி சொன்னாள். அவருக்குப் புயலை விட்டேன்.

முகம் துடைத்தாள், சட்டை மாற்றினாள். சீப்பை எடுத்தாள். பழக்க தோஷம், துண்டை அவிழ்த்தபடி தலையைப் பார்க்காமலே கேட்டுவிட்டாள்: “தாத்தா, வகிடு எந்தப் பக்கம்?”

அப்புறம்தான் பார்த்தாள். பளபளவென்று வழுக்கை. ஒரு முடி இல்லை. பாவம், புயல் சிவந்துபோய் நின்றாள்.

பெரியவர் அவளைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“இருந்தப்போ,” என்றார் குழறலாக, “இடது பக்கம்.”

புயல் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். தலையை இடது பக்கத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.